சீ லிங்க் ஓரத்தில் டால்பின் பார்க்க: திதி, காற்று, வெளிச்சம்

மும்பையில் திமிங்கலம் பார்க்கப் படகு எங்கே கிளம்புகிறது என்ற கேள்வி, டிசம்பர் விடுமுறை நெருங்கும்போதெல்லாம் மாட்டுங்கா, செம்பூர், தாராவித் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வரும். சான்பிரான்சிஸ்கோவில் மகன் வீட்டுக்குப் போய், கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டிக் கடலுக்குள் போகும் படகில் திமிங்கலம் பார்த்துவிட்டு வந்தவர்கள்தான் பெரும்பாலும் கேட்பார்கள். நம் ஊரிலும்தான் கடல் மேல் பாலம் இருக்கிறதே என்ற ஆசை நியாயமானது. ஆனால் அப்படி ஒரு படகு மும்பையில் கிடையாது. இங்கே இருப்பது வேறு: பாந்த்ரா-வொர்லி சீ லிங்க் கண்ணில் படும் கரையில் நின்றபடியே, டிக்கெட் எதுவும் இல்லாமல், காட்டு டால்பின்களைப் பார்க்கலாம். அதற்குக் கொஞ்சம் கணக்கு தெரிய வேண்டும். இந்தப் பதிவு அந்தக் கணக்கைப் பற்றியது.

முதலில் திமிங்கலம் ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடலாம். மும்பைக்கு எதிரே கண்டத்திட்டு, அதாவது கரையை ஒட்டிய ஆழமில்லாத கடலடிப் பரப்பு, சுமார் 300 கிலோமீட்டர் அகலம். கரையிலிருந்து 160 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பாம்பே ஹை எண்ணெய் வயலிலேயே கடலின் ஆழம் ஏறக்குறைய 75 மீட்டர்தான். நீலத் திமிங்கலம், ஸ்பெர்ம் திமிங்கலம் போன்றவை பெரும்பாலும் ஆழம் சட்டென்று இறங்கும் விளிம்புகளில் இரை தேடுபவை. அந்த விளிம்பு நமக்கு ஒரு நாள் பயணத்தில் எட்டாது. இலங்கையில் அது கரைக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. அதனால்தான் மிரிஸ்ஸாவில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரையும், திருகோணமலையில் மே முதல் ஆகஸ்ட் வரையும் காலையில் போய் மதியத்துக்குள் திமிங்கலம் பார்த்துவிட்டுத் திரும்ப முடிகிறது. திமிங்கலமேதான் வேண்டும் என்றால் கொழும்புக்கு விமானம் ஏறுங்கள்.

அதற்காக அரபிக்கடல் வெறுமையாகக் கிடக்கிறது என்று நினைக்க வேண்டாம். 2015 ஜூனில் அலிபாக் அருகே ரேவ்தண்டாவில் ஒரு நீலத் திமிங்கலம் உயிரோடு கரை ஒதுங்கி இறந்தது. 2016 ஜனவரியில் ஜுஹு கரையில் ஒரு பிரைட்ஸ் திமிங்கலத்தின் உடல் ஒதுங்கியது. 2017இல், ஓமன் கடலில் செயற்கைக்கோள் கருவி பொருத்தப்பட்ட லுபான் என்ற கூன்முதுகுத் திமிங்கலம் அரபிக்கடலைக் குறுக்கே கடந்து கோவா பக்கம் வந்து, அங்கிருந்து கன்னியாகுமரி வரை இறங்கியது. ஓமன் கடலில் இந்த இனம் நூறுக்கும் குறைவாகத்தான் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள்.

சரி, சீ லிங்க் குறுக்கே போகும் மாஹிம் வளைகுடாவுக்கு வருவோம். இங்கே நீங்கள் பார்க்கக்கூடியவை இரண்டு. ஒன்று இந்தியப் பெருங்கடல் கூன்முதுகு டால்பின். இரண்டரை மீட்டர் அளவு வளரும், சாம்பல் நிறம், முதுகின் நடுவில் ஒரு மேடு, அந்த மேட்டின் மேல் சின்னதாக ஒரு துடுப்பு. கரையோரத்து ஆழமில்லாத கடலே இதன் வாழிடம். 25 மீட்டர் ஆழத்தைத் தாண்டி அதிகம் போகாது. நகரத்தின் சாக்கடையும் படகும் கட்டுமானமும் சேரும் அதே தண்ணீரில்தான் அது பிழைத்தாக வேண்டும்; அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலிலும் இருக்கிறது. இன்னொன்று துடுப்பில்லாக் கடற்பன்றி. ஒன்றரை மீட்டர் சொச்சம், முதுகில் துடுப்பே கிடையாது, கூச்ச சுபாவம். அமைதியான நீரில் ஒரு கறுப்பு முதுகு உருண்டு மறைந்தால் அதுவாக இருக்கலாம். ஆனால் கரையில் இருந்து அதை உறுதியாகச் சொல்வது கடினம். இரண்டும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை.

இப்போது கணக்கு. ஓதம், அதாவது தினமும் ஏறி இறங்கும் கடல்நீர், ஏறும்போது மீன்கள் கரைப்பக்கம் நகரும், மீனுக்குப் பின்னால் டால்பின் வரும். கூன்முதுகு டால்பின்கள் ஏறும் ஓதத்தோடு கழிமுகங்களுக்குள் வருவது பல கடல்களில் பதிவான பழக்கம். மாஹிம் வளைகுடாவும் மித்தி ஆற்றின் கழிமுகம்தான். வற்றிய நேரத்தில் தாதர் கரையில் தண்ணீர் வெகுதூரம் பின்வாங்கிச் சேறும் பாறையும் தெரியும். பார்க்கவேண்டிய நீர்ப்பரப்பும் அந்த அளவு தள்ளிப்போகும். ஆகவே நமக்கு வேண்டியது, காலை ஏழரை மணியிலிருந்து பத்தரை மணிக்குள் ஓதம் ஏறிக்கொண்டிருக்கும் நாள்.

அந்த நாளைக் கண்டுபிடிக்கச் செயலி எதுவும் வேண்டாம், வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ்த் தினசரி நாட்காட்டி போதும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் உச்ச ஏற்றம் ஏறக்குறைய நண்பகல் 12 மணிக்கு வரும். அதன் பிறகு ஒவ்வொரு திதிக்கும் சராசரியாக 48 நிமிடம் தள்ளிப்போகும். துவிதியை அன்று 12 மணியோடு 96 நிமிடம் கூட்டினால் பகல் 1:36. சதுர்த்தி என்றால் மாலை 3:12. உச்ச ஏற்றத்தில் இருந்து ஆறே கால் மணி நேரம் பின்னால் போனால் அது வற்றம். அமாவாசை அன்று வற்றம் காலை ஆறு மணிக்குச் சற்று முன், துவிதியை அன்று ஏழே கால். அப்படியானால் அமாவாசை, பௌர்ணமி, அவற்றுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாட்கள் இவைதான் காலையில் ஓதம் ஏறும் நாட்கள். அஷ்டமி வந்துவிட்டால் கணக்கு தலைகீழாகி, விடியும்போது உச்ச ஏற்றமும் அதன் பின் நண்பகல் வரை வற்றமும் என்று ஆகிவிடும். அன்றைக்கு டால்பின் வரவே வராது என்பதில்லை, ஆனால் லீவு போட்டுப் போகிற நாளாக அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

இந்தக் கணக்கில் அரை மணி நேரம் முன்பின் ஆகலாம். அஷ்டமியை ஒட்டிய நாட்களில் பிழை இன்னும் கூடும். கிளம்பும் முன் அப்போலோ பந்தர் நிலையத்துக்கான ஓத அட்டவணையை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், மும்பைக்கு அதுதான் ஆதாரம்.

திதி சரியாக இருந்தும் ஏமாந்து வருபவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் காற்று. மணிக்கு 12 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அலையின் உச்சியில் வெள்ளை நுரை தலைகாட்ட ஆரம்பிக்கும். நுரை விழும் கடலில் ஒரு சாம்பல் முதுகைப் பிரித்துப் பார்ப்பது நடக்காத காரியம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை மும்பையில் காலைக் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும், கரையோர நீர் தட்டையாக இருக்கும். நண்பகலை ஒட்டிக் கடல்காற்று திரும்பும், அதோடு அன்றைய பார்வை முடிந்தது. காலை நேரத்துக்கு இன்னொரு சாதகம்: நம் கரை மேற்கு பார்த்தது, சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் போனால் எதிர்வெயில் நீரில் தகதகக்கும். எல்லாமே கறுப்பாகத் தெரியும், டால்பினும் மிதக்கும் தேங்காயும் ஒன்றுதான். மார்ச் பிறந்தால் பிற்பகல் வடமேற்குக் காற்று வலுக்கும், மே மாதத்தில் அலை பெருக்கும், ஜூன் முதல் செப்டம்பர் வரை மறந்துவிடுங்கள்.

குளிர்காலத்துக்கும் ஒரு குறை உண்டு, புகைமூட்டம். டிசம்பர், ஜனவரி காலைகளில் தாதர் கரையில் இருந்து சீ லிங்க் கோபுரமே மங்கலாகத் தெரிகிற நாட்கள் வரும். கோபுரத்தின் கேபிள்கள் தனித்தனிக் கோடாகக் கண்ணுக்குத் தெரிகின்றனவா என்று பாருங்கள். தெரிந்தால் நில்லுங்கள், கோபுரம் வெறும் நிழலாகத் தெரிந்தால் ஒன்பது மணி வரை டீ குடித்துவிட்டு வாருங்கள்.

எங்கே நிற்பது? மத்திய மும்பைவாசிகளுக்கு என் முதல் பரிந்துரை தாதர் சௌபாத்தியில் அம்பேத்கர் நினைவிடமான சைத்யபூமிக்கு அருகே கட்டப்பட்டிருக்கும் பார்வை மேடை. தாதர் மேற்கில் இறங்கிச் சிவாஜி பார்க் வழியாக நடந்தால் இருபது நிமிடம். மேடை உயரமாக இருப்பது முக்கியம்: மணலில் நிற்பவரின் கண் ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால் தொடுவானம் நாலரைக் கிலோமீட்டர், ஐந்து மீட்டருக்கு ஏறினால் எட்டுக் கிலோமீட்டர். தூரத்தைவிட, மேலிருந்து பார்க்கும்போது அலைகளுக்கு நடுவே உள்ள பள்ளமும் தெரியும் என்பதுதான் ஆதாயம். டிசம்பர் 6 அன்றும் அதற்கு முந்தைய நாட்களிலும் அம்பேத்கர் நினைவு நாளுக்காக லட்சக்கணக்கில் மக்கள் வருவார்கள், அந்த இடம் அவர்களுக்கானது. அந்த வாரம் வேறு இடம் பாருங்கள்.

பாந்த்ரா கோட்டை அடுத்தது. 1640இல் போர்த்துகீசியர் கட்டியது; சீ லிங்கின் பாந்த்ரா முனை அங்கிருந்து மிக அருகில் தெரியும். இடப்பக்கம் வளைகுடா, வலப்பக்கம் திறந்த கடல் என இரண்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். பாந்த்ரா ஸ்டேஷனில் இருந்து ஆட்டோ கிடைக்கும். தாதர் பக்கம் ஆட்டோ ஓடாது, டாக்சிதான். செப்டம்பரில் மவுண்ட் மேரி திருவிழா வாரத்தில் பேண்ட்ஸ்டாண்ட் சாலை முழுக்கக் கூட்டம். வேளாங்கண்ணித் திருநாளும் அதே நேரம் என்பதால் நம்மவர்கள் பலர் அங்கே போவார்கள், அந்தப் பயணத்தோடு இதைச் சேர்க்க வேண்டாம். ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும்: பேண்ட்ஸ்டாண்ட் பாறைகளில் இறங்காதீர்கள். ஓதம் ஏறும்போது தண்ணீர் முன்னால் இருந்து மட்டும் வருவதில்லை, பாறைக்கும் கரைக்கும் நடுவே உள்ள பள்ளம் முதலில் நிரம்பும். கடலைப் பார்த்து நிற்பவருக்குத் திரும்பும்போதுதான் வழி அடைபட்டது தெரியும். நாம் தேர்ந்தெடுத்த நேரமே ஓதம் ஏறும் நேரம் என்பதை மறக்கக் கூடாது.

வொர்லி கோலிவாடாவின் கோட்டையிலிருந்தும் பாலம் அழகாகத் தெரியும். அது மீனவர் குடியிருப்பு, சந்துகள் குறுகல், வாசலில் மீன் காயும். வண்டியை வெளியே விட்டுவிட்டு நடந்து போங்கள். கோஸ்டல் ரோட்டை ஒட்டி 2025 ஆகஸ்டில் திறந்த கடலோர நடைபாதையும் நல்ல இடம்தான், நிழல் மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

பார்க்கும் முறைக்கு வருகிறேன், பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம் இது. டால்பின் என்றதும் வானத்தில் துள்ளி வளையும் படம் மனதில் இருக்கும். கூன்முதுகு டால்பின் அப்படி அடிக்கடி துள்ளாது. முதலில் நீண்ட மூக்கின் நுனி நீரைக் கிழித்து வெளியே வரும். உடனே சின்னதாக ஒரு மூச்சு. காற்று அமைதியாக இருந்து அது அருகில் இருந்தால் 'புஃப்' என்ற சத்தம் காதுக்கும் எட்டும். பிறகு முதுகு வளைந்து எழும், மேடும் அதன் மேலுள்ள துடுப்பும் ஒரு கணம் முழுதாகத் தெரியும், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஆழமாக முங்கப்போகிறது என்றால் முதுகு இன்னும் செங்குத்தாக வளைந்து வால் வெளியே வரும். இவ்வளவும் இரண்டு மூன்று நொடி. மறுபடி மேலே வர அரை நிமிடம் ஆகலாம், சில நிமிடங்களும் ஆகலாம். வால் தெரிந்ததா என்பதைக் கவனித்தால் எவ்வளவு நேரம் காத்திருக்கவேண்டும் என்று ஓரளவு யூகிக்கலாம்.

ஆகவே பைனாகுலரைக் கண்ணில் ஒட்டிக்கொண்டு தொடங்காதீர்கள். முதலில் வெறும் கண்ணால், வளைகுடாவை இடமிருந்து வலமாக மெதுவாகத் துழாவுங்கள், பிறகு வலமிருந்து இடமாக. அசைவு ஏதாவது பட்டால் உடனே பாலத்தில் அதற்கு நேர் பின்னால் இருக்கும் தூணைக் குறித்துக்கொள்ளுங்கள். 'அதோ, அங்கே' என்று விரல் நீட்டினால் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடிப்பதற்குள் அது மறைந்திருக்கும்; 'பெரிய கோபுரத்துக்கு வலப்பக்கம் மூன்றாவது தூண், கரைக்கும் பாலத்துக்கும் பாதி தூரம்' என்றால் பிடித்துவிடலாம். பாந்த்ரா பக்கத்துப் பெரிய கோபுரத்தின் இருபுறமும் தூணில்லாத இடைவெளி 250 மீட்டர் வீதம் இருக்கிறது. பாலத்தின் அடியிலேயே போகும் டால்பின் அந்த இடைவெளியில் நூறில் ஒரு பங்கு நீளம்தான் தெரியும். எவ்வளவு சின்னப் புள்ளியைத் தேடுகிறோம் என்று மனதைத் தயார்செய்ய இந்தக் கணக்கு உதவும். ஆலா என்ற கடற்பறவைகள் ஒரே இடத்தில் கூடி நீரில் பாய்ந்து மீன் கொத்தினால் அதன் அடியில் பாருங்கள்.

ஏமாற்றுபவை பல. நீர்க்காகம் கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும், முங்கும், மறுபடி வேறு இடத்தில் எழும். புதியவர்கள் அதைத்தான் அதிகம் டால்பின் என்பார்கள். கழுத்து செங்குத்தாக நின்றால் பறவை, முதுகு உருண்டால் டால்பின். வலையின் மிதவைகள் அதே இடத்தில் ஏறி இறங்கும், நகராது. பாதி மூழ்கிய பாறையின் மீது அலை உடைவதும் ஒரே இடத்தில்தான் நடக்கும். இரண்டாவது முறை இடம் மாறி எழுந்ததா என்று பார்க்காமல் யாரிடமும் அறிவிக்காதீர்கள்.

பைனாகுலரில் 8x42 (8 மடங்கு, 42 மில்லிமீட்டர் லென்ஸ்) போதும். 10 மடங்குக்கு மேல் போனால் கை நடுக்கமும் பெரிதாகும், பார்வைப் பரப்பும் சுருங்கும். கண்ணாடி அணிபவர்கள் ஐ ரிலீஃப் (லென்ஸிலிருந்து கண் இருக்க வேண்டிய தூரம்) 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பார்த்து வாங்குங்கள், இல்லாவிட்டால் வட்டத்தின் ஓரம் கறுத்துத் தெரியும். போனில் படம் எடுக்கும் முயற்சியைக் கைவிடுவது நல்லது. பார்க்கும் நேரமும் போய்விடும். கேமரா இருந்தால் 300 மில்லிமீட்டர் லென்ஸ், ஷட்டர் 1/1000க்குக் குறையாமல், எழுந்த இடத்துக்குச் சற்று முன்னால் குறி வைத்துக் காத்திருங்கள்.

பாலத்தின் மேலிருந்தே பார்க்கலாமே என்பவர்களுக்கு: 5.6 கிலோமீட்டர் நீளமுள்ள சீ லிங்கில் வண்டியை நிறுத்தக் கூடாது, நடந்து போக முடியாது, பைக்குக்கும் ஆட்டோவுக்கும் அனுமதி இல்லை. காரில் போகும்போது காட்சிக்காக என்றால் வொர்லியில் இருந்து பாந்த்ரா வரும் திசையில் போங்கள், இடப்பக்க ஜன்னலில் திறந்த அரபிக்கடல் கிடைக்கும். எதிர்த்திசையில் இடப்பக்கம் மாஹிம் வளைகுடாவும் நகரமும்.

படகில்தான் போகவேண்டும் என்றால் கேட்வே ஆஃப் இந்தியாவில் இருந்து, அலிபாக் பக்கம் இருக்கும் மாண்ட்வாவுக்குப் போகும் பயணிகள் படகு ஏறுங்கள். துறைமுக வாயைக் கடக்கும் ஒரு மணி நேரப் பயணம், மழைக்காலத்தில் கிடையாது. காலையில் போகும்போது மேல்தளத்தில் வலப்பக்கம் உட்காருங்கள்: வெயில் இடப்பக்கம் இருக்கும், உங்கள் பக்கம் திறந்த கடல். பிற்பகல் திரும்பும்போதும் வலப்பக்கமேதான், ஏனென்றால் வெயில் அப்போது மேற்கே போயிருக்கும். பயணிகள் தீனி போடுவதால் கடற்காகங்கள் படகைத் துரத்தி வரும். அங்கே பறவைக் கூட்டத்தை வைத்து மீனைக் கணிக்க முடியாது. லைஃப் ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி மாட்டுங்கள். எலிஃபண்டா போகும் வழியில் 2024 டிசம்பர் 18 அன்று நடந்த படகு விபத்துக்குப் பிறகு அது கட்டாயம்.

மும்பைக்குத் தெற்கே கொங்கண் கரையில் தாபோலி பக்கம் முருட், கர்தே கரைகளில் டால்பின் பார்க்கவென்றே படகுகள் இருக்கின்றன, அக்டோபர் முதல் மார்ச் வரை. அங்கே 'டால்பின் தெரியாவிட்டால் பணம் வாபஸ்' என்று யாராவது சொன்னால் அந்தப் படகில் ஏறாதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்ற அவர் டால்பினைத் துரத்தித்தான் ஆகவேண்டும். நல்ல படகோட்டி ஐம்பது மீட்டருக்கு வெளியிலேயே இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டுக் காத்திருப்பார், கூட்டத்தின் குறுக்கே போகமாட்டார், ஏற்கெனவே இரண்டு படகு நின்றால் தள்ளி நிற்பார். இதையெல்லாம் காசு கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். டால்பின் ஒலியை அனுப்பி எதிரொலி கேட்டுத்தான் கலங்கிய நீரில் மீனையும் வழியையும் அறிகிறது. நாலு இன்ஜின் சூழ்ந்தால் அதற்குக் கண்ணைக் கட்டிய மாதிரி.

நகரத்தின் கட்டுமானமும் இதே நீரில்தான் நடக்கிறது. கோஸ்டல் ரோட்டைச் சீ லிங்கோடு இணைக்கும்போது வொர்லியில் மீனவர் படகுத்துறையான கிளீவ்லண்ட் பந்தரில் தூண்களுக்கு இடையே 60 மீட்டர்தான் விட்டிருந்தார்கள். படகு போய்வர அது போதாது என்று கோலி மீனவர்கள் விடாமல் போராடி 120 மீட்டராக்க வைத்தார்கள். கடலைத் தினமும் படிப்பவர்கள் சொன்னது கடைசியில் கேட்கப்பட்டது என்பதில் எனக்கு மகிழ்ச்சி. வெர்சோவா-பாந்த்ரா பாலத்துக்கும் இப்போது கடலில் தூண் இறங்குகிறது. அந்த ஒலியைப் பற்றியும் யாராவது அதே பிடிவாதத்தோடு கேட்கவேண்டும்.

கடைசியாக, கரையில் ஒதுங்கிய டால்பினையோ திமிங்கலத்தையோ பார்த்தால் செய்யவேண்டியது. மழைக்காலத்தில் மேற்குக் காற்று கரைக்குத் தள்ளுவதால் அப்போதுதான் அதிகம் ஒதுங்கும். உயிரோடு இருந்தால் வாலைப் பிடித்து இழுத்துக் கடலில் தள்ளாதீர்கள். வால் எலும்பு விலகும், நோயுற்ற விலங்கு மறுபடி கரைக்கே வரும். வயிறு அடியில் இருக்கும்படி நிமிர்த்தி வைத்து, ஈரத்துணி போர்த்தி, நிழல் கொடுங்கள். தலையின் மேலுள்ள மூச்சுத் துளையில் துணியோ தண்ணீரோ மணலோ போகக் கூடாது, அதன் வழியாகத்தான் அது மூச்சுவிடுகிறது. நாய்களையும் செல்ஃபிக் கூட்டத்தையும் விலக்குங்கள். இறந்திருந்தால் தொடாதீர்கள், பெரிய திமிங்கலத்தின் உடலுக்குள் வாயு சேர்ந்து வெடிக்கவும் கூடும். மகாராஷ்டிர வனத்துறையின் உதவி எண் 1926, மாநகராட்சியின் பேரிடர் எண் 1916. அழைக்கும்போது எந்தக் கரை, பக்கத்து அடையாளம், சுமார் எத்தனை அடி நீளம், மூச்சு இருக்கிறதா, ஓதம் ஏறுகிறதா வற்றுகிறதா என்பதைச் சொல்லுங்கள். மூச்சுக்கு மூச்சு எத்தனை நொடி இடைவெளி என்று எண்ணி வைத்திருந்தால் வரும் மருத்துவருக்கு அது உடனே பயன்படும்.